சந்திரலேகாவின் முரசுகள் வட்டமானவை

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ஜிஎஸ்டி சாலையில் எந்த டிவி கடைக்குள் நுழைந்தாலும் ஒரே பேச்சுதான்: "ஃபுல் ஸ்கிரீன்ல பாருங்க சார், அப்பத்தான் குடுத்த காசுக்குப் பலன்." சுவரில் மாட்டித்தர வருகிறவரும் அதையே சொல்லி, படத்தை இழுத்து வைத்துவிட்டுப் போகிறார். பல வருடங்களாகக் கேட்டுச் சலித்துவிட்டது. இது தவறான பேச்சு.

காசுக் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். 43 அங்குல டிவியின் அகலம் சுமார் 37.5 அங்குலம், உயரம் 21. பழைய 4:3 படத்தை இருபுறமும் கறுப்புப் பட்டையோடு அதில் வைத்தால், மூலைக்கு மூலை 35 அங்குலப் படம் கிடைக்கிறது. சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் ஒரு காலத்தில் 29 அங்குல டிவி இருந்த வீடுதான் வசதியான வீடு. 2006இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச டிவி 14 அங்குலம். அவற்றைவிடப் பெரிய படம் கூடத்தில் ஓடும்போது எந்தக் காசு வீணானது?

பட்டை விழுந்தால் டிவி கெட்டுவிடும் என்பது பிளாஸ்மா காலத்துப் பயம். ஓஎல்இடி ரகம் தவிர, இன்று வீடுகளில் இருக்கும் சாதாரண எல்இடி டிவிக்கு அது பொருந்தாது.

"கண்ணுக்குப் பழகிடும் சார்" என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 4:3 படத்தை 16:9க்கு இழுத்தால் உயரம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 1948இல் எஸ்.எஸ். வாசன் எடுத்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை அப்படிப் பாருங்கள். வரிசை வரிசையாக நிறுத்திய அந்தப் பிரம்மாண்டமான வட்ட முரசுகள் நசுங்கிய முட்டைகளாகிவிடுகின்றன. டி.ஆர். ராஜகுமாரியின் முகம் வீங்கிப்போகிறது. அந்த வட்டங்களுக்காகத்தானே அத்தனை பெரிய செட்டைப் போட்டு, அத்தனை பேரை ஆடவைத்துப் படம்பிடித்தார்கள்? இழுக்காமல் 'ஜூம்' செய்தால் போயிற்று என்பார்கள். அது இன்னும் மோசம். உயரத்தில் கால் பங்கை அது வெட்டிவிடுகிறது. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடும்போது, முழு உருவமும் தெரியவேண்டிய ஷாட்டில் பாதங்கள் காணாமல் போகின்றன. பாதம் தெரியாமல் அவர்களுடைய ஜதியை எப்படிப் பார்ப்பது? ஒளிப்பதிவாளர் அளந்து வைத்த சட்டகத்தைத் திருத்த ரிமோட்டுக்கு என்ன உரிமை இருக்கிறது?

அகலப் படங்களையும் இவர்கள் விட்டுவைப்பதில்லை. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' (1973) போன்றவற்றை 16:9இல் மேலும் கீழும் பட்டையில்லாமல் நிரப்பினால், பக்கவாட்டில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். ஓரத்தில் நிற்பவரின் குரல் கேட்கும், ஆளைக் காண முடியாது.

"ஜனங்களுக்கு இதுதான் பிடிக்குது" என்று முடிக்கிறார்கள். இரண்டு விதத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக்காட்டி எந்தக் கடையில் கேட்டார்கள்? காட்டாத ஒன்றை யார் விரும்ப முடியும்?

பழைய 4:3 படம் ஓடும்போது ரிமோட்டில் 'பிக்சர் சைஸ்' பகுதிக்குப் போய் 4:3 வையுங்கள். சேனலே இழுத்து அனுப்பியிருந்தாலும் முகங்கள் சரியாகிவிடும், லோகோ மட்டும் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும். வீட்டிலுள்ள பெரியவர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர்கள் தியேட்டரில் பார்த்த படம் அதுதான்.