செவ்வாய்க்குப் பயப்படுகிறவர்கள் செவ்வாயைப் பார்த்தது உண்டா?

மதுரை கே.கே. நகரில் வானம் பார்க்க வழியே இல்லை என்கிறார்கள். தெருவுக்குத் தெரு எல்.இ.டி. விளக்கு. மாட்டுத்தாவணிப் பக்கம் ராத்திரியும் பகல்தான். "இந்த வெளிச்சத்துல நட்சத்திரமாவது, ஒண்ணாவது!" என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

பாதி உண்மை. சின்ன நட்சத்திரங்கள் அமுங்கித்தான் போகின்றன. ஆனால் நிலா, வெள்ளி, வியாழன், சனி எல்லாம் எந்த விளக்குக்கும் பயப்படாதவை. செவ்வாய் பூமிக்குப் பக்கத்தில் வரும் காலங்களில் செக்கச்செவேல் என்று தெரியும். மொட்டை மாடி போதும்.

இன்னொன்றும் உண்டு. சர்வதேச விண்வெளி நிலையம்! சுமார் 400 கி.மீ. உயரத்தில், மணிக்கு 28 ஆயிரம் கி.மீ. வேகத்தில் பறக்கிறது. 1½ மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்று. கே.கே. நகர் பக்கமும் அவ்வப்போது வருகிறது. பொழுது சாய்ந்த பிறகும், விடியும் முன்பும்தான் கண்ணுக்குத் தெரியும். இங்கே இருட்டிவிடும், அத்தனை உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த வெயில் பட்டுத்தான் மின்னுகிறது.

"ஏரோப்ளேன் போகுதுண்ணே" என்று விட்டுவிடுகிறார்கள். ஏரோப்ளேன் விளக்கு சிமிட்டும். இது சிமிட்டாது. மேற்கிலிருந்து கிழக்கே சத்தமில்லாமல் நழுவும். மிஞ்சிப்போனால் ஐந்தாறு நிமிடம். சில நாள் நடுவானிலேயே டக்கென்று மறையும். பூமியின் நிழலுக்குள் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

2025 ஜூன், ஜூலையில் நம் நாட்டு சுபான்சு சுக்லா அதில்தான் இருந்தார். எத்தனை பேர் அண்ணாந்து பார்த்தார்கள்?

1979-ல் அமெரிக்க ஸ்கைலாப் விழப்போகிறது என்றதும் நாடே அண்ணாந்து பார்த்தது. தலையில் விழுமோ என்ற பீதி! அது ஜூலை 11-ந்தேதி இந்துமகா சமுத்திரத்திலும் ஆஸ்திரேலியாவிலும் துண்டு துண்டாக விழுந்தது. அத்தோடு எல்லாரும் குனிந்துகொண்டார்கள்.

செவ்வாய் என்ன செய்தது?

கிரகங்கள் விஷயத்திலும் அதே பயம்தான். சனிக்கிழமை எள் தீபம் போடுவது அவரவர் நம்பிக்கை. அதில் தலையிட யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் செவ்வாய் தோஷம் என்று சொல்லி, வந்த வரனைத் திருப்பி அனுப்புகிறார்களே, அது வேறு. முப்பது வயது தாண்டியும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண் என்ன பாவம் செய்தாள்?

அந்தச் செவ்வாய்க்கு 2013-ல் இந்தியா மங்கள்யானை அனுப்பியது. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன், நெல்லை மாவட்டத்துக்காரர். 2014 செப்டம்பர் 24-ந்தேதி அது செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அனுப்பிய படங்களில் தெரிந்தது துருப்பிடித்த நிறத்தில் ஒரு பொட்டல் காடு. எந்தப் பெண்ணின் ஜாதகமும் அங்கே கிடைக்கவில்லை!

மாநகராட்சி ஒரு காரியம் செய்யலாம். வண்டியூர் கண்மாய்க் கரையில் வாரம் ஒரு சாயங்காலம் ஒரு டெலஸ்கோப்பும், விவரம் தெரிந்த ஒரு வாத்தியாரும் இருந்தால் போதும். ஒரு ஹைமாஸ்ட் விளக்குச் செலவுகூட ஆகாது. அந்த ஒரு மணி நேரம் கரையோர விளக்குகளை அணைத்து வைத்தால் இன்னும் நல்லது. சின்ன டெலஸ்கோப்பிலேயே சனியின் வளையம் தெரியும். வியாழனின் நான்கு நிலாக்கள் வரிசை கட்டி நிற்கும். நம் நிலாவைப் பார்க்கப் பவுர்ணமி தோதுப்படாது. வளர்பிறை அஷ்டமிதான் சரி. குழிகளின் நிழல் நீளமாக விழுந்து கிடக்கும்.

பார்க்க வரும் கூட்டத்தில் பிள்ளைகளை முன்னால் விடவேண்டும். அதற்கு அடுத்த வரிசையில் கல்யாணத் தரகர்களை நிறுத்தினாலும் தப்பில்லை!