டேப்லெட்டே போதுமா கோடிங்குக்கு? 'அப்ரூவ்' அழுத்தும் முன் ஒரு நிமிஷம்!

மதுரை விளாங்குடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரன்ட் கட். பழைய லேப்டாப்பின் பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது. பக்கத்தில் முழு சார்ஜுடன் ஒரு டேப்லெட், போனில் ஹாட்ஸ்பாட். இதை வைத்தே இன்றைய கோடிங் வேலையை முடிக்க முடியுமா? முடியும். ஆனா, ஒரு கண்டிஷன் இருக்கு.

எப்படி சாத்தியம்?

டேப்லெட் இங்கே வெறும் ஜன்னல்தான். நிஜமான கம்ப்யூட்டர் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடுகிறது. உதாரணத்துக்கு, கிட்ஹப் கோட்ஸ்பேசஸில் பிரவுசரைத் திறந்தாலே கோடிங் செய்யலாம். தனிநபர் இலவசக் கணக்குக்கு மாதம் 120 கோர்-மணி நேரம் கிடைக்கும். அதாவது, 2 கோர் மெஷினில் 60 மணி நேரம். டேபை மூடினால் மட்டும் மெஷின் நின்றுவிடாது. வேலை முடிந்ததும் 'ஸ்டாப்' கொடுக்க மறக்காதீங்க.

2025-ல் இது இன்னும் மாறியது. ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ், ஆந்த்ரோபிக்கின் கிளாட் கோட், கூகுளின் ஜூல்ஸ் போன்ற ஏஐ ஏஜென்ட்டுகள் ரிமோட் மெஷினிலேயே வேலை செய்யத் தொடங்கின. "லாகின் பக்கத்தில் இருக்கும் பிழையைச் சரிசெய்" என்று சொன்னால் போதும். அவையே கோட் எழுதி, டெஸ்ட் ஓட்டி, மாற்றங்களை நம் பார்வைக்கு வைக்கும். நடுவில் நம்ம நெட் போனாலும் அங்கே வேலை நிற்காது.

எங்கே சிக்கல்?

டைப் செய்யும் வேலை குறைந்துவிட்டது. படிக்கும் வேலை கூடிவிட்டது. அனுபவமுள்ள 16 டெவலப்பர்களை வைத்து எம்.இ.டி.ஆர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025-ல் ஒரு சோதனை நடத்தியது. ஏஐ எழுதித் தந்ததில் 44 சதவீதத்துக்கும் குறைவானதையே அவர்கள் ஏற்றார்கள். ஏஐயோடு வேலை செய்தபோது 19% கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20% வேகமாக முடித்ததாக நம்பினார்கள்!

பெரிய திரையில் உட்கார்ந்தவர்களுக்கே இந்த நிலை. டேப்லெட்டில் பழைய கோடையும் புதிய கோடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது கஷ்டம். ஸ்க்ரோல் செய்து சலித்து, "சரி, ஏஐதானே எழுதியிருக்கு" என்று அப்ரூவ் அழுத்திவிடுவோம். ராத்திரி ஆப் படுத்துவிட்டால் ஏஐயை யாரும் கூப்பிட மாட்டார்கள். போன் உங்களுக்குத்தான் வரும்.

மாணவர்களுக்கு எது?

2025 மார்ச் பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. 2026 ஜனவரியில் விநியோகம் தொடங்கியபோது கைக்கு வந்தது லேப்டாப். என் பார்வையில் அதுதான் சரி. நெட் இல்லாத நேரத்திலும் கோடை ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று வரி வரியாகத் தேடிப் பழகணும். அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு, ஏஐ செய்த தப்பு கண்ணில் படாது.

அப்போ டேப்லெட் வாங்கலாமா?

கோட் படிக்கத் தெரிந்தவர்கள், இரண்டாவது கருவியாகத் தாராளமாக வாங்கலாம். கூடவே ஒரு ப்ளூடூத் கீபோர்டு அவசியம். இல்லாவிட்டால் பாதித் திரையை கீபோர்டே விழுங்கிவிடும். ஏஐயிடம் சின்னச் சின்ன வேலையாகக் கொடுங்கள். பேமென்ட், டேட்டாபேஸ் மாதிரி விஷயங்களை லேப்டாப்புக்கு வரும்வரை தள்ளிப்போடுங்கள். கம்பெனி கோட் என்றால், முதலில் மேனேஜரிடம் அனுமதி வாங்குங்கள்.

சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல், வாடகை மிச்சத்தோடு அம்மா சாப்பாட்டில் வேலை பார்ப்பது பெரிய வரம். கம்பெனி அதற்குச் சம்மதிப்பது உங்கள் மேல் உள்ள நம்பிக்கையில்தான். படிக்காமல் அழுத்தும் ஒரு அப்ரூவ், அந்த நம்பிக்கையைக் காலி செய்துவிடும். கரன்ட் வரட்டும், லேப்டாப்பில் முழுசாப் படிச்சுட்டு அப்புறம் அழுத்துங்க.