மாஞ்சா நூல்: தடை போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

விஸ்வகர்மா பூஜை நெருங்கினால் எங்கள் ஜாதவ்பூரில் மொட்டைமாடிதோறும் பட்டம்தான். பிள்ளைகளின் விளையாட்டை நான் எதிர்க்கவில்லை. என் கோபமெல்லாம் அந்த மாஞ்சா நூலின் மேல்.

கண்ணாடித்தூள் பூசிய நைலான் நூலைத் தயாரிக்கவோ விற்கவோ வாங்கவோ கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையிலேயே நாடு முழுவதும் தடை விதித்துவிட்டது. அதன் பிறகும் கொல்கத்தா மா மேம்பாலத்தில் பைக்கில் போனவர்களின் கழுத்தும் முகமும் பலமுறை அறுபட்டிருக்கின்றன. பாலத்தோரம் கம்பிவேலி போட்டார்கள், சரி. நூல் விற்கும் கடையை யார் மூடுவது? சென்னை கொருக்குப்பேட்டையில் 2019 நவம்பரில் பெற்றோருடன் பைக்கில் போன மூன்று வயதுக் குழந்தை மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து இறந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வண்டியில் முன்னால் உட்காரும் குழந்தைதான் நூலில் முதலில் சிக்குகிறது. பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே ஒரு லிட்டருக்குள்தான். ரத்தம் போகப் போக, அதன் உடல் ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை நெடுநேரம் குறையாமல் தாங்கிப் பிடிக்கும். தேறிவிட்டது என்று நாம் நம்பும்போதே சட்டென்று சரிந்துவிடும். கையில் தமனி அறுந்தால் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும், இல்லையேல் தசை அழுகும். அந்த மெல்லிய குழாயை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத்தான் தைக்க முடியும். அதிலும் தையலை விட்டுவிட்டுப் போட வேண்டும். தொடர்தையல் போட்டால் பிள்ளை வளரும்போது குழாய் அந்த இடத்தில் குறுகிவிடும். இந்தக் கைத்திறன் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. ஒவ்வோர் ஆஸ்பத்திரி வாசலாக அலையும் நேரத்தில் பிள்ளையின் கை போய்விடும்.

எனவே இரண்டு கோரிக்கைகள். பூஜைக்கு முந்தின வாரம் எச்சரிக்கை விடுவதை விட்டு, சரக்கு வந்து இறங்கும்போதே போலீஸ் கிடங்குகளைச் சோதனையிட வேண்டும். ரத்தக்குழாய் அறுவை நிபுணர் இரவிலும் இருக்கும் மருத்துவமனைகள் எவை என்று சுகாதாரத் துறை அறிவித்து, ஆம்புலன்ஸ்களை நேரே அங்கே அனுப்ப வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காயத்தில் காப்பித்தூளோ மஞ்சள்தூளோ வைக்காதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். பட்டக் காலத்தில் குழந்தையை வண்டியில் முன்னால் உட்கார வைக்காதீர்கள்.

— ஒரு வாசகி,
ஜாதவ்பூர், கொல்கத்தா