பெல்லந்தூர் நுரையும் 18ஆம் பிரிவும்

அரசமைப்புச் சட்டத்தின் 7ஆம் அட்டவணையில் சுற்றுச்சூழலுக்கென்று தனி இனம் கிடையாது. நீரும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் உள்ளன; காடும் வன உயிரினமும் 1976இல் 42ஆம் திருத்தத்தின் மூலம் பொதுப் பட்டியலுக்கு மாறின. நீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால்தான் 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தை, மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்ட பிறகே, 252ஆம் உறுப்பின்கீழ் நாடாளுமன்றம் இயற்ற முடிந்தது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஸ்டாக்ஹோம் மாநாட்டை முன்வைத்து 253ஆம் உறுப்பின் வழியே வந்தது. தரநிலை வகுக்கும் அதிகாரம் டெல்லியின் கைக்குப் போனது.

இந்தப் பங்கீடு களத்தில் எப்படி இருக்கிறது என்பதைப் பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி காட்டுகிறது. மழை பெய்தால் மதகடியில் வெண்ணுரை பொங்கிச் சாலையில் போவோர் மேல் பறந்து விழும். 2018 ஜனவரியில் ஏரிக்கரையில் பிடித்த தீயை அணைக்க ராணுவத்தினர் ஆயிரக்கணக்கில் இறங்க வேண்டியிருந்தது. ஏரி பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் பொறுப்பு; கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு; குப்பையும் ராஜகாலுவை எனப்படும் மழைநீர்க் கால்வாய்களும் மாநகராட்சியின் பொறுப்பு. மூன்றும் மாநில அரசின்கீழ் இயங்குபவை.

நுரைக்கு முக்கியக் காரணம் சுத்திகரிக்காத கழிவுநீரில் வரும் சோப்புத்தூள் வேதிப்பொருள்கள். பாஸ்பேட் ஆகாயத்தாமரைக்கு உரமாகிறது. சோப்புத்தூளுக்குத் தரம் குறிப்பது மத்திய அரசின் இந்தியத் தர நிர்ணய அமைவனம். சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மத்திய அமைச்சகம் 2017இல் வெளியிட்ட தரநிலையோ நான்கே அளவீடுகளோடு நின்றது. அதில் நைட்ரஜனும் இல்லை, பாஸ்பரஸும் இல்லை. ஏரியை நாசமாக்கும் பொருளையே அளக்கச் சொல்லாத தரநிலையை வைத்துக்கொண்டு மாநிலப் பொறியாளர் எதைக் கட்டுப்படுத்துவார்?

மாநிலத்தின் பக்கத்துக் கோளாறு இன்னும் ஆழமானது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவரை நியமிப்பது மாநில அரசு. அந்த வாரியம் நோட்டீஸ் கொடுக்க வேண்டியதோ அதே அரசின் குடிநீர் வாரியத்துக்கு. நீர்ச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உத்தரவும் மாநில அரசின் உத்தரவும் மாநில வாரியத்தைக் கட்டுப்படுத்தும். இரண்டும் முரண்பட்டால் முடிவெடுப்பது மத்திய அரசு. மாநில வாரியம் கடமை தவறி நிலைமை முற்றினால், அதன் பணியை மத்திய வாரியத்திடமே ஒப்படைக்கவும் அப்பிரிவில் வழி இருக்கிறது. பெல்லந்தூரில் தட்டிக்கேட்கும் வேலையைக் கடைசியில் செய்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்: 2018 டிசம்பரில் மாநில அரசுக்கு 50 கோடி, மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிர்வாகம் செய்ய வேண்டியது தீர்ப்பாயத்தின் தலையில் விழுவது நல்ல ஏற்பாடு அல்ல.

நீர்ச் சட்டத்துக்கான 2024ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மாநில வாரியத் தலைவர் நியமனத்துக்கான விதிமுறைகளை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. ஏற்கும் மாநிலங்களில் மட்டுமே அது செல்லும். தலைவரின் தகுதி உயரலாம். ஆனால் ஆய்வகத்துக்கு ஆளும் குழாய் பதிக்கப் பணமும் அதனால் வந்துவிடாது.

பெல்லந்தூர்த் தண்ணீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறக்கும்போது அங்கேயும் அதே நுரைதான்; பாசனத்துக்கு அந்தத் தண்ணீரைப் பாய்ச்சுபவர் தமிழ்நாட்டு விவசாயி. அண்டை மாநிலங்கள் ஒப்பந்தம் செய்து கூட்டு வாரியம் அமைக்க நீர்ச் சட்டத்தின் 13ஆம் பிரிவு 1974இலிருந்தே இடம் தருகிறது. பெங்களூரின் கழிவுநீருக்குப் பொருந்தும் பிரிவு அதுதான். அதன்கீழ்ப் பேச்சைத் தொடங்க வேண்டியவை கர்நாடகமும் தமிழ்நாடும்.