முகத்துக்குப் பொலிவு தரும் தயிர்ப் புளிப்பு!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடைகளில் முகப்பூச்சுக் குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் சிலவற்றின் மீது 'லாக்டிக் ஆசிட்' என்று எழுதியிருக்கிறது.

ஆசிட் என்றதும் பயம் வேண்டாம். தயிருக்குப் புளிப்பைக் கொடுப்பது இதுதான்! 1780-ம் ஆண்டில் ஷீலே என்ற சுவீடன் நாட்டு விஞ்ஞானி, புளித்த பாலில் இதைக் கண்டுபிடித்தார்.

என்ன செய்கிறது?

நம் தோலின் மேற்புறத்தில் செத்த செல்கள் போர்வை போல மூடியிருக்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பிடியை இந்த அமிலம் மெல்லத் தளர்த்துகிறது. செத்த செல்கள் உதிர்கின்றன. அடியிலுள்ள புதுத் தோல் வெளியே தெரிகிறது. முகம் பளிச்சென்று ஆகிறது.

அவ்வளவுதான்! மங்கல் போகும். பிறவி நிறம் போகாது. நமக்கு மாநிறமும் கறுப்பும் தருவது மெலனின் என்ற பொருள். அது வெயிலுக்கு இயற்கை பிடித்த குடை.

பெயர் மாறியது

1975 முதல் விற்பனையாகி வந்த 'பேர் அண்டு லவ்லி', 2020-ல் 'குளோ அண்டு லவ்லி' ஆனது. 'சிவப்பழகு' என்ற பேச்சு போய், 'பொலிவு' என்ற பேச்சு வந்தது. ஆனால், சிவப்பாக வேண்டும் என்ற ஆசை போய்விட்டதா? இல்லை!

அந்த ஆசையில்தான் ஆபத்து இருக்கிறது. ஒரே வாரத்தில் நிறத்தை மாற்றுவதாகச் சொல்லும் சில களிம்புகளில் பாதரசம் கலந்திருக்கிறது. அது மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது. உடம்பில் ஏறிச் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய களிம்பைப் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை டாக்டர்கள் 2023-ல் கண்டுபிடித்தார்கள்.

முகக் களிம்பில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது 2020-ம் ஆண்டு அழகுப்பொருள் விதி.

வாங்கும்போது கவனியுங்கள்

தயாரித்தவர் பெயர், முகவரி, தொகுப்பு எண், காலாவதித் தேதி இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள்.

லாக்டிக் அமிலம் பூசுவோர் முதலில் கையில் சிறிது தடவிப் பார்க்கவேண்டும். எரிந்தால் உடனே கழுவிவிடவேண்டும். அதை இரவில் பூசுவதே நல்லது. புதுத் தோல் வெயில் தாங்காது. பகலில் வெயில் தடுப்புக் களிம்பு அவசியம்.

வீட்டுப் பெண்ணைப் பார்த்து, "கறுத்துப் போய்விட்டாயே" என்று சொல்லுமுன் ஒரு கணம் யோசியுங்கள். பாதரச டப்பாவை வாங்க அவளைக் கடைக்கு அனுப்புவது அந்த ஒரு சொல்தான்!