சாத்தேயில் சிவந்தது வேறு, கருகியது வேறு

சாத்தே சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். “அந்தக் காலத்திலிருந்து சாப்பிடுகிறோம், எங்களுக்கு என்ன ஆயிற்று?” என்று ஒரு மாமா அதற்குப் பதிலும் சொல்லியிருப்பார். இரண்டு தரப்பும் குச்சியைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. அடுத்த முறை ஒரு குச்சியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெரும்பகுதி செம்பழுப்பாக இருக்கும், ஓரங்கள் மட்டும் கறுப்பாக இருக்கும். செம்பழுப்பு சமைத்ததால் வந்த நிறம். கறுப்பு எரிந்ததால் வந்தது.

பச்சை இறைச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அங்கே வெப்பநிலை 100°C-ஐத் தாண்டாது. ஈரம் வற்றி 140°C அளவை எட்டும்போது, இறைச்சியின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிகின்றன. இதற்கு மெய்லார்ட் வினை என்று பெயர். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மெய்லார்ட் 1912-ல் இதை விவரித்தார். ரொட்டியின் மேல்தோலுக்கும் வறுத்த காப்பிக்கொட்டைக்கும் மணம் தருவது இதே வினைதான். தண்ணீரில் அவித்த கோழிக்கு அந்த மணம் ஏன் இல்லை என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம்.

சாத்தே இறைச்சியைச் சிறு துண்டுகளாக வெட்டுவதற்கும் காரணம் உண்டு. துண்டு சிறிதானால் அதன் கனஅளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு அதிகம். மசாலா நன்றாகப் பிடிக்கும், உள்ளே சீக்கிரம் வெந்துவிடும். ஆனால், மசாலாவில் சீனியும் இருக்கிறது. அது விரைவில் சிவக்கும், விரைவில் கருகவும் செய்யும். சிவப்பதற்கும் கருகுவதற்கும் இடையே சில விநாடிகள்தான்.

அந்த விநாடிகள் தவறினால் என்ன ஆகும்? கடும் வெப்பத்தில் இறைச்சியின் கிரியேட்டினும் அமினோ அமிலங்களும் சேர்ந்து ‘ஹெட்டரோசைக்ளிக் அமீன்’ எனும் பொருள்களாகின்றன. தணலில் சொட்டும் கொழுப்பு சிதைந்து புகையாக எழுந்து, பென்சோபைரீன் போன்றவற்றைத் துண்டின் மேல் படிய விடுகிறது. பென்சோபைரீன் சிகரெட் புகையிலும் உண்டு. கருகிய மீன், இறைச்சியின் மேற்பரப்பில் மரபணுவைச் சிதைக்கும் பொருள்கள் இருப்பதை ஜப்பானின் தகாஷி சுகிமுரா குழுவினர் 1977-லேயே வெளியிட்டார்கள். ஆகவே வாட்ஸ்அப் செய்தியில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஒரு துளிதான். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015-ல் ஆடு, மாடு போன்ற சிவப்பு இறைச்சியை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற பிரிவில் சேர்த்தது. கோழி அதில் இல்லை. அந்தப் பிரிவுகள் ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான் சொல்கின்றன, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. பெரியவர்களே இதில் குழம்புகிறார்கள். நீங்கள் குழம்ப வேண்டாம்.

நல்ல சாத்தேக்காரர் இதற்கெல்லாம் கையிலேயே விடை வைத்திருக்கிறார். அவர் கையைக் கவனியுங்கள். குச்சிகளைத் திருப்பிக்கொண்டே இருப்பார். ஒரே பக்கம் நெடுநேரம் சூடேறாததால் அந்த அமீன்கள் குறைவாகவே உண்டாகும். கொழுப்பு சொட்டித் தீச்சுவாலை எழுந்தால் உடனே குச்சிகளைத் தூக்குவார். விசிறினால் தணல் சீராக எரியும், புகையும் விலகும். மசாலாவும் உதவுகிறது. மஞ்சளும் செராயும் சேர்த்து ஊறவைத்துச் சுட்ட மாட்டிறைச்சியில் இந்த அமீன்கள் குறைவதை நம் புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். மூங்கில் குச்சியை நீரில் ஊறவைப்பது மட்டும் வேறு காரணத்துக்காக. குச்சி எரியக்கூடாது, அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வருவது அவசரக் கடைகள்மீதுதான். அடுப்பு நிறையக் குச்சிகளை அடுக்கி, எண்ணெயை ஊற்றி, சுவாலையில் கருக்கி, மேலே கச்சான் குழம்பை ஊற்றிக் கறுப்பை மறைத்துவிடுகிறார்கள். “கருகினால்தான் ருசி” என்று நாமும் அதை வாங்குகிறோம். கருகிய இடத்தை நாக்கில் தனியாக வைத்துப் பாருங்கள், கசப்புதான் தெரியும். ருசி என்று நாம் நினைப்பது பக்கத்தில் இருக்கும் செம்பழுப்பிலிருந்து வருகிறது.

இதில் யாரும் பேசாத ஒருவர் இருக்கிறார். மாதத்துக்கு ஒரு முறை பத்துக் குச்சி சாப்பிடும் உங்களைவிட, மாலை முதல் நள்ளிரவு வரை அடுப்பின் முன் நிற்பவர்தான் அந்தப் புகையை அதிகம் சுவாசிக்கிறார். பாசார் மாலாமில் எத்தனை சாத்தே அடுப்புகளுக்கு மேல் புகைபோக்கியோ உறிஞ்சும் விசிறியோ இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கடைக்கு உரிமம் கொடுக்கும்போதே இதைக் கேட்க வேண்டும் என்பேன்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கறுத்த ஓரத்தைப் பிய்த்து எறிந்துவிட்டுச் சாப்பிடுங்கள். அதைவிட எளிது, வாங்கும்போதே “பாங், ஜாங்கான் ஹாங்குஸ்” என்று சொல்லிவிடுவது. சுவாலை குறைவாக இருந்தால் அவருக்கும் புகை கொஞ்சம் குறையும்.