போர் தீண்டாத மண் என்னும் நம்பிக்கை

தமிழ்நாட்டு இலக்கிய வகுப்பறைகளில் போர்ப் புனைவு, அதாவது போரையோ போர் விட்டுச்சென்ற வாழ்க்கையையோ பொருளாகக் கொண்ட நாவலும் சிறுகதையும், பாடமாக நுழைவதற்கு முன்பே ஒரு நம்பிக்கை அங்கே இடம்பிடித்து அமர்ந்திருக்கிறது. நவீன காலத்துப் போர் இந்த மண்ணைத் தீண்டவில்லை. ஆகவே இங்குள்ள மாணவருக்குப் போர் என்பது சங்கப் பாட்டில் படித்து நெஞ்சு நிமிரவேண்டிய வீரம், அல்லது ஐரோப்பிய நாவலில் படித்து இரக்கப்படவேண்டிய பிறர் துயரம் என்பதே அந்த நம்பிக்கை. ஆங்கில இலக்கியம் பயில்பவர் வில்ஃபிரட் ஓவனையும் ஹெமிங்வேயையும் படித்துப் போரின் கொடுமை பற்றி நான்கு பக்கம் எழுதுகிறார். தமிழ் இலக்கியம் பயில்பவர் புறநானூற்றைப் படித்து மறக்குடி மகளிரின் மாண்பு பற்றி நான்கு பக்கம் எழுதுகிறார். இருவரும் வடசென்னையின் எண்ணூரில் ஒரே பேருந்தில் ஏறிக் கல்லூரிக்கு வந்தவர்களாக இருக்கலாம். எண்ணூருக்கும் தாம் எழுதிய விடைக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா என்று இருவரிடமும் யாரும் கேட்பதில்லை.

இந்த நம்பிக்கை வரலாற்றளவிலேயே பிழையானது. வடசென்னையில் சொல்லப்படும்போது அந்தப் பிழை இன்னும் பெரிதாகிறது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, அரை மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 130 குண்டுகளை வீசியபோது பற்றி எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். உயிரிழப்பு குறைவாக இருந்ததால் அந்த இரவு பின்னாளில் வேடிக்கைக் கதையாகச் சுருங்கிவிட்டது. எரிந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது, அது வந்த கடல்வழியிலேயே எதிர்த்திசையில் எத்தனை தமிழ்க் கூலிகள் போய்க்கொண்டிருந்தார்கள் என்று கேட்டிருந்தால், எம்டன் குறிவைத்தது வங்கக் கடலின் குறுக்கே ஓடிய ஒரு பிழைப்பு வழியை என்பது விளங்கியிருக்கும். அடுத்த உலகப்போரில் அந்த வழியே அறுந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் சென்னை நகரம் காலியாகத் தொடங்கியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியேறிவிடும் என்று அஞ்சி, மூர் மார்க்கெட்டை அடுத்திருந்த உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. குண்டுக்காகக் காத்திருந்த அந்த நாட்களை வாழ்ந்து கடந்த ஒரு நகரத்தைப் பார்த்துத்தான் அது போர் தீண்டாத நகரம் என்று பாடம் நடத்தப்படுகிறது.

பர்மாவில் நடந்ததோ இதைவிடப் பெரியது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது குண்டு விழுந்ததைத் தொடர்ந்து, அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் மலைவழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். வெள்ளையருக்கும் வசதி படைத்தோருக்கும் ஒரு பாதை, கூலிக்காரருக்கு வேறொரு பாதை என்று பிரித்து விடப்பட்ட அந்த நடையில் காலராவும் பசியும் கொண்டுபோனவர்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருக்கும். போர் ஓய்ந்தபின் திரும்பிப்போனவர்களும், ஜப்பானிய ஆட்சியில் பர்மாவிலேயே தங்கிப் பிழைத்தவர்களும் 1962இல் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றி, பின்னர் கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோது கைப்பெட்டியோடு மீண்டும் கப்பலேறினார்கள். எண்ணூரின் பர்மா நகர் அவ்வாறு வந்தவர்களின் குடியிருப்பு. அறுபதுகளின் வெளியேற்றம் அரசியல் முடிவின் விளைவே தவிரப் போரின் விளைவு அன்று என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் வட்டிக்கடைக்காரர்மீதும் இந்தியக் கூலிமீதும் போருக்கு முன்பே மூண்டிருந்த பகை, போர் கிளப்பிவிட்ட தேசியத்தில் ஆட்சிக்கொள்கையாக உருக்கொண்டதைக் கணக்கில் கொள்ளாமல் அந்த வாதத்தை நிறுவமுடியாது. இன்று வடசென்னைத் தெருவோரத்தில் அத்தோவையும், வாழைத்தண்டு வெந்த மீன்சாற்றை ஊற்றித் தரும் மொய்ங்காவையும் தின்றுவிட்டுப் போகிறவர்கள் அதைப் பர்மாக்காரர் சாப்பாடு என்று அறிவார்கள். அந்தச் சாப்பாடு இங்கே வந்துசேர்ந்த வழி எந்தப் பாடத்திலும் இல்லை.

இதே வட்டாரத்தின் தொழிற்சாலைகளும் போருக்குத் தொலைவானவை அல்ல. 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்ததன் பின்னணியில் எல்லைக்காவலுக்காக இந்தியத் தரைப்படை கேட்ட புல்லட் வண்டிகள் இருந்தன; எண்ணூரில் தாய் ஆலையைக் கொண்ட அசோக் லேலண்டின் ஸ்டாலியன் சரக்குந்துகள் படையின் தளவாடங்களைச் சுமக்கின்றன. வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் மேற்கே புழலிலும் ஈழத்தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021 முதல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். இவ்வளவும் சூழ்ந்திருக்கும் இடத்தில் போர்ப் புனைவை இரவல் பொருளாகப் பாவிப்பதற்குப் பெயர் அறியாமை என்றுகூடச் சொல்லமுடியாது, அது பாராமுகம்.

பாராமுகத்துக்குத் துணையாக நிறுத்தப்படுவது சங்க இலக்கியம் என்பது கூடுதல் அநீதி. தொல்காப்பியப் புறத்திணையியல் போரை வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என ஏழு திணைகளாக வகுக்கிறது. திணை என்பது ஒழுக்கப் பிரிவு. துறை என்பது அதன் உட்கூறு. மண்ணாசையால் பகைநாட்டின்மேல் படையெடுக்கும் வஞ்சித் திணையின் துறைகளில் ஊரை எரியூட்டுவதும் ஒன்று. நிலையாமையைப் பேசும் காஞ்சித் திணையிலோ கணவனை இழந்தவள் மேற்கொள்ளும் நோன்பு, பாலை வழியில் கணவனைப் பறிகொடுத்துத் தனித்து நிற்பவளின் புலம்பல், மணமகள் கேட்டு வந்த வேந்தனால் ஓர் ஊர் நிற்கும் அழிவின் விளிம்பு ஆகியவை துறைகளாக வருகின்றன. வென்றவனுக்கு வாகையை அளித்த இலக்கண ஆசிரியர் அதை அடுத்துக் காஞ்சியை வைத்தார். தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிரின் பாட்டு புறநானூற்றில் 112ஆம் பாட்டாக நிற்கிறது. அதில் வாள்வீச்சு கிடையாது. இத்தனையையும் வீரம் என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கி மதிப்பெண் போடுவது தேர்வுத்தாள் செய்த வேலை. அதற்குத் தொல்காப்பியர் பொறுப்பாகமாட்டார். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்திலேயே கூழ் சமைத்து உண்பதை வெறும் கற்பனை நயம் என்று குறித்துவிட்டுக் கருணாகரத் தொண்டைமானின் வெற்றிக்குத் தாவும் உரைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

மரபு இப்படி விரிந்து கிடக்க, நவீனத் தமிழில் அதற்கு வாரிசு இல்லையா என்று கேட்போருக்குப் ப. சிங்காரம் ஒருவரே போதுமான விடை. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, பதினெட்டு வயதில் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் பிழைக்கப் போய், போர் முழுவதையும் அப்பகுதியில் வாழ்ந்து கண்டு திரும்பிய அவர் எழுதிய இரண்டே நாவல்களும் போரைப் பற்றியவை. ‘புயலிலே ஒரு தோணி’யில் ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழைவதும், கொள்ளையடித்தவர்களின் வெட்டுண்ட தலைகள் சந்தையில் காட்சிக்கு வைக்கப்படுவதும் வருகின்றன, அதே நாவலில் சரக்குக்காக உயிரைப் பணயம் வைத்துத் தொங்கான் என்னும் மரக்கலத்தில் பினாங்குக்குக் கடல் கடக்கும் வணிகர்களும், மதுரைத் தெருக்களை நினைத்து ஏங்கும் இளைஞர்களும், குடிமேசையில் அமர்ந்து தமிழரின் பழம்பெருமைப் பேச்சை நார்நாராகக் கிழிப்பவர்களும் வருகிறார்கள். ஆங்கிலேயரை விரட்ட வந்த படையில் சேர்ந்த கதைநாயகன் பாண்டியன், பின்னர் டச்சுக்காரருக்கு எதிரான இந்தோனேசியரின் போரில் முடிகிறான். இதை வீரக்கதை என்று படிப்பவர்கள் அந்தக் குடிமேசைப் பக்கங்களைப் புரட்டாமல் தாண்டியிருக்கவேண்டும். தம் பெருமையைத் தாமே பகடி செய்யும் தமிழர்களைப் போரின் நடுவில் கொண்டுவந்து உட்காரவைத்ததில்தான் அந்நாவலின் துணிவு இருக்கிறது.

கலைமகள் பரிசு பெற்று வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’ அளவில் சிறியது. ஆனால் வகுப்பறைக்கு அதுவே கூர்மையானது. இந்திய தேசிய ராணுவத்தில் துப்பாக்கி ஏந்திவிட்டுப் பினாங்குக்குத் திரும்பிவரும் செல்லையாவுக்குத் தம் மகள் மரகதத்தைக் கொடுக்க வட்டிக்கடை முதலாளி வானாயீனா மறுக்கிறார். செல்லையா கெட்டவன் என்பதோ அவரிடம் நன்றியுணர்வு இல்லை என்பதோ காரணமில்லை. வட்டித்தொழில் பணிவையும் பொறுமையையும் கணக்கையும் கேட்பது; படையில் ஆணையிட்டுப் பழகியவன், சாவுக்கு அஞ்சாதவன், இனிக் கடை மேசைக்கு முன் சம்மணமிட்டு அமர்ந்து வரவு எழுத ஒத்துவரமாட்டான் என்று அவர் தீர்மானிக்கிறார். போர் ஒருவனை என்ன செய்தது என்பதை அவன் காயத்தைக் கொண்டு அளக்காமல், தொழில் அவனை ஏற்க மறுப்பதைக் கொண்டு அளந்த நாவல் அது. ஆலைவாசலில் ஒப்பந்தக்காரர் ஆளைப் பார்த்த பார்வையிலேயே இவன் வேலைக்கு ஆகமாட்டான் என்று கழித்துவிடுவதைக் கண்டு வளர்ந்த எண்ணூர் மாணவருக்கு வானாயீனாவின் மனக்கணக்கு விளங்க எந்த உரைநூலும் வேண்டியதில்லை. போர் தமக்கு அந்நியம் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்காமல் இருந்தால் போதும்.

சயாம்–பர்மா ரயில்பாதையின் கதை இந்த நம்பிக்கை செய்யும் கேட்டை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை அமைக்கும்போது 12,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். இறந்த ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை அதைப்போலப் பல மடங்கு, அவர்களில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் மிகப் பலர். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தோட்டத் தமிழருக்கு இல்லை. உலகம் இந்தப் பாதையை அறிந்தது 1957இல் வந்த ‘க்வாய் நதிப் பாலம்’ திரைப்படத்தால். இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்ட அப்படத்தில் பிரித்தானிய அதிகாரியின் தன்மானமே கதை, தமிழ்க் கூலிக்கு அதில் இடமில்லை. அந்த இடத்தை நிரப்பியவை மலேசியத் தமிழ் நாவல்களான ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயி’லும் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்ன’மும். திரைப்படத்தை உலக இலக்கியத்தின் நிழலில் வைத்தும் நாவல்களை அயலகத் தமிழ் என்னும் விருப்பப்பாட மூலையில் வைத்தும் படிப்பிக்கும் முறை எதை முதன்மை என்று கருதுகிறது என்பதை விளக்கவேண்டியதில்லை.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். போரின் சிதைவை மட்டுமே படித்தால் இளைஞரிடம் நாட்டுப்பற்றும் வீரமும் குன்றும் என்பது முதலாவது. காஞ்சித் திணையைப் படித்ததால் சங்ககால மறவர் களம் போகாமல் நின்றுவிடவில்லை என்பதோடு இதை விட்டுவிடலாம். ஈழப்போர்ப் புனைவு அரசியல் சர்ச்சைக்குரியது, பாடத்தில் வைத்தால் வகுப்பு மேடையாகிவிடும் என்னும் இரண்டாவது மறுப்பு கனமானது. ஆனால் சர்ச்சைக்குரியவையாக இருப்பதுதான் அவற்றின் பயன். 1985இல் வந்த கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ விடுதலை இயக்கம் ஒன்றின் உள்ளே நடந்த கொலைகளைச் சொன்னது; குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ பயிற்சிப் பாசறையின் உள்ளிருந்து, அதற்குள் போனவர்களின் மனத்தோடு எழுதப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் வகுப்பு, போர் இலக்கியத்தின் பாடுபொருள் இதுதான் என்று ஒற்றை வரியில் கரும்பலகையில் எழுதிப்போட முடியாது. வகுப்பு மேடையாகும் என்று அஞ்சுவோர் உண்மையில் அஞ்சுவது அந்த ஒற்றை வரியின் இழப்பைத்தான் என்று ஐயுற இடமிருக்கிறது.

போர் அருகிலேயே இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு வகுப்பறை எதிர்ப்புறமாகச் சரிவதும் உண்டு. பர்மா நகரிலிருந்தோ முகாமிலிருந்தோ வரும் மாணவியை எழுப்பி, உன் வீட்டில் என்ன நடந்தது, எல்லோருக்கும் சொல்லம்மா என்று கேட்கும் ஆசிரியர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். ஆனால் அவர் இலக்கிய மாணவியைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிவிடுகிறார், நாவலை வாக்குமூலத்தின் துணை ஆவணமாக்கிவிடுகிறார். இந்தத் தவறை எதிர்கொள்ளும் வழியும் புனைவுக்குள்ளேயே இருக்கிறது. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ பிரான்சில் தஞ்சம் கேட்டு எழுதப்படும் விண்ணப்பத்தின் வடிவில் தொடங்குகிறது: அதிகாரி நம்பும்படியும், நிராகரிக்கப்பட்ட பிறகும் மீண்டும் நம்பும்படியும், தன் வாழ்க்கையைத் தேதியிட்டுச் சொல்லவேண்டிய கட்டாயத்தில் நிற்பவனின் குரல் அது. விண்ணப்பத்தில் எது சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது, விடப்பட்டதைச் சொல்ல நாவல் வேறு எந்த நடையைக் கையாண்டது என்று மாணவியிடம் கேட்கலாம். படிவங்களை நிரப்பியே வளர்ந்த அவர், தம் வீட்டுக் கதையில் ஒரு வரிகூடச் சொல்லாமல், அந்தக் கேள்விக்கு வகுப்பில் மற்ற எவரையும்விடத் துல்லியமாக விடையளிக்கக்கூடும். சொல்லவேண்டாம் என்று அவர் நினைப்பது சொல்லப்படாமலே இருக்கும்.